மேற்குச் சாய்தளத்தில் பிடித்த பாசி

முதல்வர் என்னைக் கூப்பிட்டு, கட்டடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் உபயோகப்படும்படி என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார். முப்பத்தோரு வருஷம் இந்த வளாகத்தில் சூப்பர்வைசராக இருந்தவன் நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பார். நல்ல வார்த்தைகளையெல்லாம் ஓய்வு பெற்ற அன்று மேடையிலேயே பேசித் தீர்த்துவிட்டேன். அன்றைக்குப் பேசாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரன். உங்களைப் பார்த்தும் பொறாமைதான். பொறுப்பேற்ற அன்று நீங்கள் கைபேசியைத் தரையில் வைத்ததும் சரிவு எவ்வளவு என்று அது சொல்லிவிட்டது. நான் ரசமட்டமும் நூலும் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தே முழங்காலைத் தேய்த்தவன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்களாம். எனக்கு யாரும் நடத்தவில்லை. நான் அதைப் படித்த விதம் உங்களுக்கு வாய்க்க வேண்டாம்.

முன்வாசலில் இருந்த கறுப்புச் சாய்தளத்திலிருந்து தொடங்குகிறேன். இப்போது அது இல்லை, நானே இடித்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை உத்தரவு வந்தது: வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, அதற்குள் முன்வாசலில் ஒரு சாய்தளம் இருக்க வேண்டும். நம் வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். குற்றாலச் சீசனில் ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று பயந்து, பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் தரையிலிருந்து நாலடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி ஏறும். அப்படிப் பார்த்தால் நாற்பத்தெட்டு அடி வேண்டும். போர்டிகோ தூண் வரைக்கும் எனக்குக் கிடைத்தது பதினைந்து அடி. பதினைந்திலேயே கட்டினேன். கலையரங்க மேடைக்கு வாங்கியதில் மீந்த கறுப்பு கிரானைட் கொஞ்சம் கிடந்தது. முன்வாசல் அல்லவா, கௌரவமாக இருக்கட்டும் என்று அதைப் பதித்து முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்டேன்.

குழுவுக்குப் பரம திருப்தி. தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வந்தவர்களில் ஒருவர்கூட அதில் ஏறிப் பார்க்கவில்லை. நானும் ஏறிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மழை நாட்களில் அலுவலக உதவியாளர் தன் பைக்கை அதன் வழியாக ஏற்றி நிறுத்திக்கொள்வார். கல்லூரியில் அப்போது சக்கர நாற்காலியில் வரும் மாணவர் யாரும் கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் கேட்டதும் கிடையாது.

நாலு வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதம், மாரிச்செல்வி வந்தாள். சிறு வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்தவள். பி.காம். சேர்க்கைக்கு அப்பா கூட்டி வந்திருந்தார். அவருக்குக் குற்றாலத்தில், ஐந்தருவிப் பக்கம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழில். ஆள் ஒல்லி, ஆனால் தோளும் கையும் இறுகிக் கிடக்கும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மகளை நாற்காலியோடு என் கறுப்புச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு ஏறினார். பாதியில் அவர் கால் வழுக்கியது. நாற்காலி பின்னோக்கி அவர் மேலேயே வந்தது. சமாளித்து இறக்கிவிட்டு, மகளை இரு கையாலும் தூக்கிக்கொண்டு படி வழியாக ஏறினார். மேலே போய் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது ஆரு ஏறுததுக்குக் கட்டுனது? அருவிப் பாறைகூட இப்படி வழுக்காதே.”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். திரும்பினேன். பொருளியல் துறையில் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர வந்திருந்த பேராசிரியை, கையில் ஆர்டரோடு நின்றுகொண்டிருந்தார். சேலம் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், எல்லோரும் மேடம் என்றுதான் சொல்லுவோம். அந்தச் சிரிப்பை நான் மறக்கவேயில்லை. பிற்பாடு அவர் செய்த ஒவ்வொரு நல்ல காரியத்தையும் அந்தச் சிரிப்பின் ஊடாகத்தான் பார்த்தேன்.

மாரிச்செல்வியின் வகுப்பு மாடியில். அப்பா தினமும் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பத்தாவது நாள் முதல்வரிடம் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

“சார், இந்த மூணு மாசம்தான் எங்களுக்கு வருசம். சாரல் அடிச்சாத்தான் அருவில தண்ணி, தண்ணி இருந்தாத்தான் ஆளு. காலைல ஆறு மணிக்கு நான் அங்கன நிக்கணும். இவளத் தூக்கிட்டு மாடி ஏறிட்டு நான் போய்ச் சேருததுக்குள்ள ஆளுவ எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டுப் போயிருதாவ. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

கல்லூரி திறப்பதும் சீசன் தொடங்குவதும் ஒரே மாதத்தில். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆனால் இந்த இரண்டும் ஒரு மனிதனின் இரண்டு கைகளில் வந்து முட்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. நான் லிஃப்ட் வைக்கலாம் என்றேன். அதற்கு அனுமதி வாங்கவே இரண்டு வருஷம் ஆகும் என்றார் முதல்வர். எதற்கோ கையெழுத்து வாங்க வந்து ஓரமாக நின்ற மேடம் சொன்னார்:

“சார், பொண்ணை ஏன் மேல ஏத்தணும்? வகுப்பைக் கீழே இறக்கிட்டா?”

புதுக் கட்டடம் தரையோடு தரையாக இருக்கிறது. அங்கே கீழே இரண்டு அறைகள். டைம்டேபிளை எடுத்து அரை மணி நேரம் பென்சிலால் கோடு போட்டார். மறுநாள் பி.காம். வகுப்பு கீழே வந்துவிட்டது. சிமெண்ட் இல்லை, செங்கல் இல்லை, சூப்பர்வைசரும் தேவைப்படவில்லை. எல்லோரும் மேடத்தைப் பாராட்டினார்கள். நானும் கை தட்டினேன். வீட்டுக்குப் போய் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மாதமே மாற்றுத்திறனாளி மாணவர் வசதிக் குழு என்று ஒன்று அமைத்து மேடத்தைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். என்னை உறுப்பினராகப் போட்டார்கள், பட்டியலில் கடைசிப் பெயர். மேடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வளாகம் முழுவதும் சுற்றினார். எந்தக் கதவு அகலம் போதாது, எந்தக் குழாய் எட்டாது, எந்தக் கழிப்பறையில் நாற்காலி திரும்பாது என்று அவர்களையே சொல்லவிட்டு எழுதிக்கொண்டார். அறிவாளித்தனமாக எதுவும் செய்யவில்லை, கேட்டார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு வராத யோசனை அது. ஒரு நாள் மாரிச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய நாற்காலியை என் பக்கம் தள்ளி, “ஒரு தடவை உட்கார்ந்து இந்த வராண்டா முழுக்கப் போய்ப் பாருங்க சார்” என்றார்.

“எனக்குக் கால் நல்லா இருக்கு மேடம்” என்றேன்.

மாரிச்செல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

என் மேஜை மேல் ஒரு புகார் நோட்டு எப்போதும் இருக்கும். மின்விசிறி சுற்றவில்லை, தாழ்ப்பாள் விழுந்துவிட்டது என்று மாணவர்கள் எழுதுவார்கள். எழுதினால் எரிச்சல்படுவேன். இப்போது அதில் ஒரு வரிகூட வரவில்லை. எல்லோரும் மேடத்திடம் போனார்கள். வெற்று நோட்டைப் புரட்டிப் பார்க்கிறபோதுதான் எனக்கு அந்த எரிச்சல் எவ்வளவு பிடித்தமானதாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

நானும் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று துடித்தேன். இசக்கிமுத்து என்று பார்வையில்லாத மாணவன் ஒருவன் இருந்தான். அவன் நூலகத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்து, கீழே கிடந்த தகரத்தில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டே இருக்கும். பையன் மேல் தெறிக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை ஆள் வைத்துக் குழாயை மாற்றி, தகரத்தை எடுத்து, இடத்தைத் துடைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவனே தெரிந்துகொண்டு வந்து நன்றி சொல்வான் என்று காத்திருந்தேன்.

திங்கட்கிழமை அவன் நூலகத்தைத் தாண்டிப் போய், பழைய பெஞ்சுகள் அடுக்கியிருந்த இடத்தில் முழங்காலை இடித்துக்கொண்டான். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“சார், இங்கன ஒரு சொட்டு கேக்குமே, எங்க சார் போச்சு? அதக் கேட்டுத்தான் நான் வலது பக்கம் திரும்புவேன்.”

சரி செய்துவிட்டேன் என்றேன். “யாரு சார் உங்ககிட்ட கேட்டா?” என்று அவன் கேட்டது கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். மேடம் அந்தத் திருப்பத்தில் காலுக்குத் தட்டுப்படும் ஓடு ஒன்றைப் பதிக்கச் சொன்னார். அதையும் அவர்தான் சொன்னார். நல்லது செய்யும் ஆசை வருகிறபோது, அது யாருக்காக வருகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எனக்கு அது இசக்கிமுத்துவுக்காக வரவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் கனமானது.

வகுப்பு கீழே வந்துவிட்டாலும் நூலகமும் அதை ஒட்டிய தேர்வுக் கூடமும் நாலடி உயரத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு தேர்வுக்கும் அப்பா அருவியிலிருந்து ஓடி வந்து மகளைத் தூக்கி ஏற்றிவிட்டு, முடிகிற வரைக்கும் காத்திருந்து இறக்கிவிட்டுப் போனார். அந்த வருஷ முடிவில் அவர் மேடத்திடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அடுத்த சீசனுக்குள் அந்தக் கட்டடத்துக்கு வழி இல்லையென்றால் படிப்பு போதும், வீட்டில் மூன்று வயிறு இருக்கிறது. மாரிச்செல்வி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். அவள் படிப்பு ஒரு சாய்தளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேடமும் மாரிச்செல்வியும் சேர்ந்து வரைபடம் போட்டார்கள். நூலகத்தின் மேற்குச் சுவரை ஒட்டி, நாற்பத்தெட்டு அடி, நடுவில் திரும்ப ஒரு சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். மேடம் அதை என் மேஜையில் விரித்தார். அளவில் ஒரு குறைகூட இல்லை. ஆனால் மேற்குச் சுவர்!

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலைக் கொண்டுவந்து மேற்குச் சுவரில்தான் அறையும். ஆகஸ்ட் வரைக்கும் அந்தச் சுவர் காயாது. அதன் காலடியில் எந்தச் சிமெண்ட் பூச்சும் இரண்டு வாரத்தில் பச்சையாகிவிடும். அந்த நடையில் எத்தனை முறை பாசி சுரண்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. சேலத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? வந்து ஒரு சாரல்தான் பார்த்திருக்கிறார்.

“எதாவது மாத்தணுமா சார்? உங்க அனுபவத்துல சொல்லுங்க.”

இதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு பாசாங்கும் இல்லை. எத்தனையோ நாள் நான் எதிர்பார்த்துக் கிடந்த கேள்வி அது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. கிழக்கே தள்ளிப் போடலாம், முடியாவிட்டால் மேலே கூரை போட்டுத் தளத்தைக் கரடாக்கலாம். இரண்டு வாக்கியம்தான். நான் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன்.

“நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும் மேடம்.”

ஏப்ரல், மே வெயிலில் வரைபடத்தில் இருந்தபடி ஒரு அங்குலம் பிசகாமல் கட்டிக் கொடுத்தேன். கொத்தனார்கூடக் கேட்டார், “அண்ணாச்சி, மேக்க பாசி புடிக்குமே, கூரை போடாண்டாமா?” என்று. படத்தில் இல்லை, பேசாமல் வேலையைப் பாரும் என்றேன். மழமழவென்று பூச்சு முடித்தோம். கல்லூரி திறந்த அன்று ரிப்பன் கட்டினார்கள். மாரிச்செல்வி தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி மேலே ஏறினாள். உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று இருக்கும் என்று ஓரமாக நின்று பார்த்தேன், இல்லை.

அந்த வருஷம் சாரல் தாமதம். தினமும் காலையில் மலையைப் பார்ப்பேன். ஊரே அருவியில் தண்ணீர் விழவில்லையே என்று மலையைப் பார்த்தது. நான் பாசி பிடிக்கவில்லையே என்று பார்த்தேன். என் கற்பனை இப்படி ஓடியது: சாய்தளம் பச்சையாகும், மேடம் திகைத்து நிற்பார், முதல்வர் என்னைக் கூப்பிடுவார், நான் கூரையும் கரட்டுத் தளமும் போட்டு எல்லாவற்றையும் சரி செய்வேன். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்! ஒரு தடவைகூட அந்தச் சாய்தளத்தின் மேல் ஆள் இருந்ததில்லை.

சாரல் வந்தது. பத்து நாள் விடாமல் அடித்தது. அந்த வாரம் மாரிச்செல்வி காய்ச்சல் என்று கல்லூரிக்கு வரவில்லை. உள்தேர்வு தொடங்கிய அன்று காலை எட்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தேன். திரும்புகிற சமதளம் பளபளவென்று பச்சையாக இருந்தது. என் ஸ்டோரில் கம்பி பிரஷும் பிளீச்சிங் பவுடரும் இருந்தன. இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அரை மணி நேர வேலை. மேடம் வந்து பார்க்கட்டும், பிறகு செய்வோம் என்று நினைத்தேன். எதிர்க் கட்டடத்து வராண்டாவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மேடம் தேர்வுக் கூடத்தில் மேற்பார்வைக்கு முன்கூட்டியே உள்ளே போய்விட்டது எனக்குத் தெரியாது. ஒன்பதேகாலுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி மாரிச்செல்வி தனியாக வந்தாள். அப்பா அருவியில், இந்த வருஷம்தான் முதல் முறையாக நிம்மதியாகத் தொழிலுக்குப் போயிருந்தார். அவள் சாய்தளத்தின் அடியில் நாற்காலியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினாள். கத்த வேண்டியதுதான். கத்தினால், தெரிந்தே நின்றிருக்கிறான் என்று ஆகிவிடும். அந்த யோசனைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து வினாடி? அவள் சமதளத்தில் திரும்பும்போது சக்கரம் பிடி இல்லாமல் சுழன்றது. நான் “ஏட்டி, நில்லு!” என்று கத்தியபோது நாற்காலி பக்கவாட்டில் சாய்ந்து அவளோடு கீழே வந்துகொண்டிருந்தது.

வலது மணிக்கட்டு முறிந்தது. எழுதுகிற கை, சக்கரம் உருட்டுகிற கை, அவளுக்கு நடக்கிற காலும் அதுதான்.

தகவல் போய் ஐந்தருவியிலிருந்து அப்பா வந்தார். கட்டியிருந்த ஈர வேட்டியோடு, கை இரண்டும் எண்ணெயாக. பெஞ்சில் கிடத்தியிருந்த மகளைத் தூக்கக் குனிந்தவர் நின்று, துண்டில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மண்ணை எடுத்துத் தேய்த்து மறுபடியும் துடைத்தார். பிள்ளை வழுக்கிவிடக் கூடாதே என்று அந்த மனிதர் பத்து விரலையும் துடைத்ததை நான் நின்று பார்த்தேன்.

மாலையில் முதல்வர் அறையில் கூட்டம். மேடம் எழுந்தார். “வரைபடம் என்னோடது சார். பாசி பிடிக்கும்னு நான் யோசிக்கலை. தப்பு முழுக்க என்னோடது” என்றார். சாக்கு எதுவும் இல்லை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. தன் மேல் இல்லாத தப்பைக்கூட இந்த அம்மாவால் இவ்வளவு நேராக நின்று வாங்கிக்கொள்ள முடிகிறது. என் தப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லையே! வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே பொறாமை அது. நானும் எழுந்துவிட்டேன்.

“எனக்குத் தெரியும் சார். வரைபடம் காட்டுன அன்னைக்கே தெரியும். இன்னைக்குக் காலைல எட்டு மணிக்குப் பாசியப் பாத்தேன். சொல்லல.”

முதல்வர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். மேடம்தான் கேட்டார். “ஏன் சார்?”

“உங்க மேல உள்ள பொறாமை.”

திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். “அப்போ இப்பச் சொல்லுங்க. என்ன செய்யணும்?”

அந்த வரைபடத்தில் நான் சிவப்புப் பேனாவால் கூரை வரைந்தேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள், ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. மேடம் அதற்குப் பிறகு என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அதிலும் புகார் சொல்ல எனக்கு இடமில்லை.

கூரை போட்டுவிட்டேன். தளத்தை எப்படிக் கரடாக்குவது என்பதில்தான் முட்டிக்கொண்டேன். அதிகம் கரடானால் சக்கரம் ஏறாது, குறைந்தால் வழுக்கும். மூன்று விதமாகப் பூசிப் பார்த்து மூன்றையும் பெயர்த்தேன். மாரிச்செல்விக்குக் கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் அப்பாதான் மறுபடி தூக்கி வந்தார். சீசனின் நல்ல நாட்கள் அப்படியே போயின. அவள் சொல்லச் சொல்ல வேறொரு மாணவி தேர்வு எழுதினாள். அவர் வெளியே நின்று என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்காவது முறை பூசப் போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, சிமெண்ட விடுங்க. நாங்க தொழில் செய்யுத இடத்துல கல்லுதான். எண்ணெயும் தண்ணியும் சேந்து ஓடுத கல்லு. அதுல நின்னுக்கிட்டு ஒரு ஆள அமுக்கித் தேய்க்கோம். ஒருத்தன் வழுக்கி விழுந்ததில்ல. ஏன் தெரியுமா? வருசா வருசம் சீசனுக்கு முந்தி அம்மி கொத்துத மாதிரி கொத்திப் போடுவோம். குறுக்கால, லேசா. தண்ணி பக்கவாட்டுல ஓடிரும்.”

மறுநாள் அவரோடு ஐந்தருவிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின் மேல் நின்று பார்த்தேன். கால் அப்படியே நின்றது. கட்டடத்திலேயே வாழ்ந்தவன் நான். பதில் ஏழு கிலோமீட்டர் தள்ளி எண்ணெய் தேய்க்கிறவர் காலடியில் இருந்திருக்கிறது. அவரைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. ஆனால் இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி, எந்த உளி? அவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அம்மி கொத்துகிற ஆட்கள் இருவரைக் கூட்டி வந்து நாற்பத்தெட்டு அடியையும் கற்பலகை பாவி, குறுக்கே கொத்தினோம். நீங்கள் தினமும் பார்க்கிற தளம் அதுதான்.

வேலை முடிந்த அன்று குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி நனைத்தேன். மாரிச்செல்விக்குக் கட்டு அவிழ்த்திருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த நாற்காலியக் கொஞ்சம் குடு” என்றேன்.

அதில் உட்கார்ந்து என் கையால் உருட்டிக்கொண்டு ஏறினேன். அப்பா பின்னால் கையை நீட்டியபடியே வந்தார், பிடிக்கவில்லை. பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது, தோள் பிய்ந்தது. திரும்புகிற சமதளத்தில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினேன். சக்கரம் நின்றது. இறங்கி வந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவளும் ஏறி இறங்கினாள்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மேடமோ முதல்வரோ அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பாசி பிடிக்கும் என்று தெரிந்தே சும்மா இருந்ததையும், அன்று காலை பார்த்துவிட்டும் சுரண்டாமல் போனதையும், ஐந்து வினாடியையும் சொன்னேன். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்கு நானும் உங்களப் பாத்தேன் சார். கீழ நிக்கும்போது அந்த எடம் பச்சையாத்தான் தெரிஞ்சிச்சு. திரும்பிப் போயிருலாமான்னு நெனச்சேன். எதுத்த வராண்டாவுல நீங்க நின்னீங்க. சூப்பர்வைசர் சார் பாத்துக்கிட்டுத்தான நிக்காரு, ஒண்ணும்னா சொல்லமாட்டாரான்னுதான் ஏறுனேன்.”

மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டாள். படிப்பை முடித்தாள், இப்போது தென்காசியில் ஒரு வங்கியில் இருக்கிறாள். அங்கே வாசற்படி சரியில்லை என்று மேடத்தைத்தான் கூப்பிட்டாளாம், என்னைக் கூப்பிடவில்லை. கேள்விப்பட்ட அன்று எனக்கு மறுபடியும் பழைய வியாதி வந்தது. அது போகிற வியாதி இல்லை. உங்களுக்கும் வரும், யாராவது உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் பொறாமைப்படுங்கள்.

உங்களுக்குக் கொடுத்திருக்கிற அறை அந்த எதிர் வராண்டாவில்தான் இருக்கிறது. இதை எழுதும்போது இங்கே வீட்டு ஜன்னலில் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டது, அங்கேயும் அடிக்கும். கூரை போட்டிருந்தாலும் சமதளத்தின் ஓரத்தில் நாலு நாளில் பாசி ஏறும். கம்பி பிரஷ் ஸ்டோரில் இடது பக்க அலமாரியில் இருக்கிறது. இதை மூடி வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள்.